வீட்டு வயரிங் மாற்ற ஈ.பி.யில் அனுமதி வாங்க வேண்டுமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் எங்கள் வீடு. ராத்திரியில் அலைச்சத்தம் கட்டில் வரை கேட்கும். மாமனார் முப்பது வருஷத்துக்கு முன்பு கட்டியது. அவர் காலமாகி நாலு வருஷம் ஆகியும் மீட்டர் அவர் பெயரில்தான் இருக்கிறது. கணவர் துபாயில் இருக்கிறார். பழைய வயரை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு, ஒன்றரை டன் ஏ.சி. இரண்டும், மீன் வைக்க ஒரு பெரிய ஃப்ரீசரும் வைக்கப் போகிறோம். மாடி அறையை ராமேசுவரம் போகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடவும் யோசனை. ஒரு எலக்ட்ரீஷியன், "வீட்டுக்குள்ள நடக்கிற வேலைக்கு யார்கிட்ட அனுமதி கேக்கணும்?" என்கிறார். இன்னொருவர், "பர்மிட், லோடு எல்லாம் நானே முடிச்சுத் தர்றேன், 15,000 கொடுங்க" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டாமவரிடம் "பர்மிட் என்றால் எந்தப் பாரம்? ஒரு காப்பி காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், காட்ட மாட்டார். தமிழ்நாட்டில் ஒரு சாதாரண வீட்டின் உள் வயரிங்கை மாற்ற ஈ.பி.யில் தனியாக பர்மிட் என்று எதுவும் கிடையாது. மின் ஆய்வுத் துறையின் ஒப்புதல் என்பதெல்லாம் உயர் அழுத்த இணைப்பு, 15 மீட்டரைத் தாண்டிய கட்டடம் போன்றவற்றுக்குத்தான். உங்கள் மாடி வீட்டுக்கு அது வராது.

அதற்காக முதல் ஆள் சொன்னபடி யாரை வேண்டுமானாலும் வைத்து எதை வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைகள் ஒரு கோடு போட்டிருக்கின்றன. பல்பு, ஃபேன், ஃப்யூஸ், ஸ்விட்ச் மாற்றுவதை யாரும் செய்யலாம். மின் அமைப்பின் அளவோ தன்மையோ மாறுகிற வேலை என்றால், அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் எடுக்க வேண்டும். தகுதிச் சான்று உள்ளவர் கூடவே நின்று மேற்பார்க்க வேண்டும். 1956ஆம் வருஷத்து விதியிலும் இதே கோடுதான் இருந்தது. முழு வீட்டுக்கும் புது வயர், இரண்டு ஏ.சி. என்பது கோட்டுக்கு அந்தப் பக்கம். ஆகவே ஆளைப் பேசும்போதே தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமத்தைக் கேளுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஈ.பி.க்கு, அதாவது இப்போதைய பெயரில் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துக்கு, நீங்கள் போக வேண்டியது வேறு காரணங்களுக்காக.

முதலில் பெயர். மாமனார் பெயரில் இருக்கிற இணைப்புக்கு நீங்கள் லோடு கூட்டிக் கேட்டால், முதல் கேள்வியே "அவர் எங்கே?" என்பதாகத்தான் இருக்கும். வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் வைத்துப் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். நாத்தனார், கொழுந்தன் கையெழுத்து வாங்குவதில்தான் பாதிப் பேருக்கு மாசம் ஓடுகிறது. கணவர் விடுமுறைக்கு வரும்போது குடும்பம் கூடுமே, அப்போதே வாங்கிவிடுவது நல்லது.

அடுத்தது லோடு. ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். ஏ.சி. இரண்டுக்கும் சேர்த்து 3.2 கிலோவாட். கிணற்று மோட்டார் ஒரு குதிரைத்திறன் என்றால் 0.75. அயர்ன் பாக்ஸ் 1, மிக்சி 0.75, கிரைண்டர் 0.2. ஃப்ரீசரும் ஃப்ரிட்ஜும் சேர்ந்து 0.5. விளக்கு, ஃபேன் 0.6. மொத்தம் 7 கிலோவாட். கீசரைச் சேர்க்கவில்லை, நம் ஊர் வெயிலில் மேல்தொட்டித் தண்ணீரே மத்தியானம் கை வைக்க முடியாது. சிங்கிள் ஃபேஸில் 4 கிலோவாட் வரைதான் தருவார்கள். ஆக, த்ரீ ஃபேஸாக மாற்றித்தான் ஆக வேண்டும். இணையத்திலேயே கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்கலாம். கட்ட வேண்டிய தொகைக்குக் கேட்புச் சீட்டு வரும், கட்டினால் ரசீது வரும். ரசீது இல்லாத எந்தப் பணமும் ஈ.பி.க்குப் போகிற பணம் அல்ல. அந்தப் பதினைந்தாயிரத்தை அப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்: எவ்வளவுக்கு ரசீது, எவ்வளவு அவர் கூலி என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மாடி அறை. நாள் வாடகைக்கு ஆள் தங்க வைத்தால் அது பொதுவாக வீட்டு உபயோகம் ஆகாது. இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் வருகிற அதே மீட்டரில் விடுதி நடத்தினால், மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடலாம். எப்போதிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பின்னோக்கிப் பன்னிரண்டு மாசத்துக்குப் போடுவார்கள். அறையை வாடகைக்கு விடுவது முடிவானால், அந்த அறைக்குத் தனி இணைப்பு தர முடியுமா, எந்தக் கட்டண வகையில் என்று பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். வயரிங்கில் மாடிக்குத் தனிக் குழாய் இப்போதே போட்டுவிட்டால் பின்னால் சுவரை உடைக்க வேண்டாம்.

இனி டெஸ்ட் ரிப்போர்ட். வயரிங்கையும் எர்த்தையும் சோதித்துப் பார்த்து ஒப்பந்ததாரர் கையெழுத்திட்டுத் தருகிற தாள் அது. நம் பக்கத்தில் பலர் அதை வெறும் கையெழுத்தாகத்தான் வாங்குகிறார்கள். ஆள் வீட்டுக்கே வந்திருக்க மாட்டார். அளவு இருக்க வேண்டிய கட்டத்தில் எல்லாருக்கும் ஒரே எண். எனக்கு இதில்தான் எரிச்சல் வரும். இத்தனை தாள்களில் உயிரோடு சம்பந்தப்பட்டது இது ஒன்றுதான்.

சில வருஷத்துக்கு முன் கடலோரத்தில் ஒரு வீட்டுக்கு வேலை பார்க்கப் போனேன். பின்கட்டில் மோட்டார், பக்கத்தில் மீன் கழுவும் கல், தரை எப்போதும் ஈரம். அந்த வீட்டுப் பெரியம்மா, "மோட்டார் லேசாப் பிடிக்கும் தம்பி, செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுங்க" என்றார். காப்பி குடிங்க என்பது போலச் சொன்னார். எர்த் குழாயைத் தேடி மண்ணைக் கிளறினேன். இரும்புக் குழாய் மேலே ஒரு சாண் இருந்தது. அதற்குக் கீழே விரலால் நசுக்கினால் உதிர்கிற துரு. வயர் அதில் சுற்றித்தான் இருந்தது, ஆனால் பூமியோடு தொடர்பு இல்லை. அந்த வீட்டுக் கோப்பிலும் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தது.

எர்த் குழியில் கரியும் உப்பும் கொட்டுவது பழைய வழக்கம். உள்நாட்டு மண்ணுக்கு அது சரி. உங்கள் இடத்தில் மண்ணே உப்பு. இன்னும் உப்பைக் கொட்டினால் ஜி.ஐ. குழாயை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைத்தான் அது தின்னும். செம்பு பூசிய கம்பி போடச் சொல்லுங்கள், விலை கூடுதல்தான். வறண்ட மணல்மேடாக இருந்தால் ஈரம் கிடைக்கும் ஆழம் வரை இறக்க வேண்டும், தேவைப்பட்டால் இரண்டு குழி. எர்த்தின் தடையை அளக்கிற எர்த் மெக்கரில் 5 ஓமுக்குக் கீழே வந்தால்தான் நான் கையெழுத்துப் போடுவேன். வயரிங்கின் இன்சுலேஷனை 500 வோல்ட் மெக்கரால் பார்த்தால் ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. இரண்டு சோதனையும் உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். எர்த் கிடைக்கவில்லை என்று நியூட்ரலையே எர்த்தாகக் கட்டிவிடுகிற ஆட்கள் உண்டு. வரும் வழியில் நியூட்ரல் அறுந்தால் ஃப்ரிட்ஜ் கதவு, மோட்டார் உடம்பு எல்லாவற்றிலும் கரண்ட் நிற்கும்.

கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கிற ஆர்.சி.டி. கட்டாயம் வேண்டும், புது இணைப்புகளுக்குத் தமிழ்நாட்டில் இது விதியாகவே இருக்கிறது, வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர். கடலோர வீடுகளில் இது அடிக்கடி விழும். விழுகிறதே என்று அதைக் கழற்றி நேர் இணைப்பு கொடுத்துவிடுவார்கள். விழுவது அதன் குற்றம் இல்லை. மோட்டார் ஜாயின்ட்டிலோ ஈரச் சுவரிலோ எங்கோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். ஆனால் உங்கள் ஃப்ரீசரை நினைத்துப் பாருங்கள்: நடுராத்திரி மோட்டார் லைனால் ஆர்.சி.டி. விழுந்தால், காலையில் வீடெல்லாம் மீன் நாற்றம். அதனால் மோட்டாருக்கும் வெளிவிளக்குக்கும் ஒன்று, ஃப்ரீசருக்கு மட்டும் ஒன்று, மற்றதற்கு ஒன்று என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. வீட்டு லைன்களைப் பிரித்துக் கொடுக்கிற டி.பி. பாக்ஸ் இரும்பில் வேண்டாம், பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர், பிளக்குக்கு 2.5, விளக்குக்கு 1.5, எல்லாம் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள செம்பு வயர். த்ரீ ஃபேஸ் வந்ததும் இரண்டு ஏ.சி.யையும் ஒரே ஃபேஸில் மாட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் கடல் பார்த்த சுவரில் இருந்தால், உப்புக் காற்று படாத பக்கம் மாற்ற இதுவே நேரம். ஆனால் மீட்டர் வரை ஈ.பி.யின் சொத்து. இடமாற்றத்துக்குத் தனி விண்ணப்பம் உண்டு. சீலை எலக்ட்ரீஷியன் உடைத்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். வேலைக்காக லைனை நிறுத்த வேண்டுமானாலும் கம்பத்தில் ஏற வேண்டியவர் ஈ.பி. ஆள்தான். அலுவலகத்தில் இழுத்தடித்தால் ஈ.பி.யின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வேலையை முடித்துவிடப் பாருங்கள். மழை பெய்து ஊறிய மண்ணில் எந்த எர்த்தும் நல்ல அளவு காட்டும்; காய்ந்த மண்ணில் பார்த்ததுதான் கணக்கு. அந்த ஓம் அளவையும் தேதியையும் டி.பி. பாக்ஸ் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள். அடுத்த ஆனி மாசம் மறுபடி அளந்து அதற்குக் கீழேயே எழுதச் சொல்லுங்கள்.