பார்சல் கேள்விகள்: 'அன்பளிப்பு' என்று எழுதினால் வரி இல்லையா?

மலேசியாவிலிருந்து தஞ்சாவூரில் இருக்கும் அப்பாவுக்கு பவர் பேங்க் ஒன்று தபாலில் அனுப்பலாமா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

முடியாது. லித்தியம் பேட்டரி தனியாக விமான அஞ்சலில் போகாது. பவர் பேங்க்கும் தனி பேட்டரி கணக்கில்தான் வரும். கைப்பேசிக்குள்ளேயே இருக்கும் பேட்டரிக்கு விதி வேறு. அதையும் முகப்பில் சொல்லிவிட்டே கொடுங்கள். கைலிக்குள் சுருட்டி வைத்தால் எக்ஸ்ரேயில் தெரியாமல் போய்விடாது.

தலையணை செட் இரண்டு கிலோதான். கூரியர்காரர் ஐந்து கிலோவுக்குக் காசு கேட்கிறார். ஏமாற்றுகிறாரா? (பட்டர்வொர்த்)

இல்லை. அது கன அளவு எடை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 40க்கு 30க்கு 20 பெட்டி என்றால் ஏறக்குறைய 5 கிலோ. காற்றுக்கும் கட்டணம் உண்டு. சின்னப் பெட்டியாகப் பாருங்கள்.

வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்ப எவ்வளவு ஆகும்? (செலாயாங்)

எந்த நாட்டுக்கு? எத்தனை கிலோ? தபாலா, கூரியரா? மூன்றையும் எழுதி மறுபடி கேளுங்கள்.

சென்னையில் இருக்கும் தங்கைக்குப் புடவையும் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் அனுப்பினேன். படிவத்தில் 'அன்பளிப்பு, 20 வெள்ளி' (ரிங்கிட்) என்றுதான் எழுதினேன். ஆனாலும் வரி கேட்டார்கள். பெட்டி கிழிந்து போய்ச் சேர்ந்தது, 800 வெள்ளி பட்டுப்புடவையைக் காணோம். நஷ்டஈடு கிடைக்குமா? (செந்தூல்)

இந்தக் கடிதம் வாராவாரம் வருகிறது, ஊர்தான் மாறுகிறது. 20 வெள்ளி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நீங்கள். இப்போது 800 வெள்ளி கேட்டால் எந்த அஞ்சலகம் தரும்?

வரி விஷயத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் இந்தியாவுக்கு 5,000 ரூபாய் வரை அன்பளிப்புக்கு வரி கிடையாது. அந்தப் பழைய கதையைத்தான் நம் ஆட்கள் இன்னும் காபிக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2019 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். ராக்கிக் கயிறும் உயிர்காக்கும் மருந்தும் மட்டுமே விதிவிலக்கு. மற்றதை அன்பளிப்பாக அனுப்பலாம், ஆனால் வரி உண்டு; பெறுபவர்தான் கட்ட வேண்டும். தங்கையிடம் இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. கூரியரில் அனுப்பினால் அவருடைய அடையாள ஆவணத்தையும் கேட்பார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று சுங்கத்துக்குச் சொல்லும் படிவம் சின்னப் பொதிக்கு சிஎன் 22, பெரியதற்கு சிஎன் 23. எதுவானாலும் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: 'பட்டுப்புடவை 1, விலை இவ்வளவு, பிளாஸ்டிக் கார் 2, விலை இவ்வளவு.' 'துணிமணி', 'சாமான்' என்று எழுதினால் சுங்கத்தில் பிரித்துப் பார்ப்பார்கள். விலையைக் குறைத்து எழுதினால் அவர்களாகவே ஒரு விலை போடுவார்கள், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. விலை அதிகமான பொருளுக்கு உண்மை மதிப்பைச் சொல்லிக் காப்புறுதி எடுங்கள். ரசீதை எறியாதீர்கள், சர்வதேச அஞ்சலில் புகார் கொடுக்க ஆறு மாதம்தான் அவகாசம். இப்போதைக்கு, கிழிந்த பெட்டியைப் படம் எடுத்து ரசீதோடு புகார் கொடுங்கள். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

தங்கச் சங்கிலி? (ஜார்ஜ் டவுன்)

தபாலில் வேண்டாம். யாராவது ஊருக்குப் போகும்போது கழுத்தில் போட்டுப் போகட்டும், அதுவும் சுங்க வரம்புக்குள்.

பார்சல் மலேசியாவை விட்டுப் போய்விட்டது, அதன்பிறகு இணையத்தில் தகவலே இல்லை. (பாயான் லெப்பாஸ்)

பார்சல் எண்ணின் கடைசியில் 'எம்ஒய்' என்று இருக்கிறதல்லவா, அது அனுப்பிய நாடு. அதே எண்ணைப் பெறும் நாட்டு அஞ்சல் தளத்தில் போடுங்கள். இந்தியா என்றால் இந்தியா போஸ்ட். சுங்கத்தில் சில நாள் அசையாமல் கிடப்பது சகஜம். ரசீது பத்திரமா?

அம்மா ஊரிலிருந்து முருங்கை விதையும் கறிவேப்பிலைக் கன்றும் அனுப்புகிறேன் என்கிறார். (பிறை)

அன்போடு தடுத்துவிடுங்கள். விதை, கன்று, மண் எதுவானாலும் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இல்லையென்றால் பறிமுதல்தான். கன்று இங்கேயே நர்சரியில் கிடைக்கும்.

பெறுபவர் வீட்டில் இல்லையென்றால் பார்சல் என்னவாகும்? (கெப்போங்)

பார்சல் படிவத்தில் நீங்கள் எதை டிக் செய்தீர்களோ அது: திருப்பி அனுப்பலாம், அல்லது கைவிட்டுவிடலாம். திரும்பி வந்தால் அதற்கும் கட்டணம் உங்களிடம்தான் கேட்பார்கள். பழைய துணிக்கு 'கைவிடு' போதும்.