சாலை போட்ட பிறகு அந்தப் பாறையில் மறுபடி ஐஸ் பிடிக்குமா?

"நாங்கள் ஐஸ் கிளைம்பிங் செய்துவந்த பாறையைச் சாலை அகலப்படுத்த வெட்டிவிட்டார்கள். சற்றுப் பின்னால் புதுப் பாறைமுகம் நிற்கிறது. அதில் ஐஸ் பிடிக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் இடமும் இப்படித்தான் போனது. மூன்று குளிர்காலம் போய்ப் போய்ப் பார்த்தேன். ஐஸ் பிடிக்கவில்லை. ஆனால் உங்களுக்கும் அப்படித்தான் ஆகும் என்று சொல்ல மாட்டேன்.

வெடி வைத்து உடைத்த நாட்களில் நான் பாறையை நினைத்துத்தான் புலம்பிக்கொண்டிருந்தேன். நாங்கள் உண்மையில் இழந்தது தண்ணீரை என்று பிறகுதான் புரிந்தது. மலைச்சரிவுக்குள் விரிசல் வழியாக இறங்கும் நிலத்தடி நீர், வெட்டிய முகத்துக்கு வந்ததும் வெளியே கசிகிறது. அது உறைந்து, அதன்மேல் இன்னும் வழிந்து உறைந்து, நாம் ஏறும் ஐஸ் தடிக்கிறது. கசிவு நின்றுவிட்டால் எவ்வளவு குளிரடித்தும் பயனில்லை, வெறும் பாறைதான்.

சாலை போடுகிறவர்களுக்கோ அந்தக் கசிவுதான் தலைவலி. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். விரிசலுக்குள் அது ஆப்பு அடித்தது மாதிரி பாறையைப் பெயர்த்துவிடும். சாலையில் வழிந்து உறைந்தால் வண்டிகள் சறுக்கும். அதனால் சரிவுக்குள் நீளமாகத் துளை போட்டு, பக்கமெல்லாம் ஓட்டையுள்ள குழாய்களைச் செருகி, நீரை உள்ளேயே பிடித்துக் கீழே வாய்க்காலில் விட்டுவிடுகிறார்கள். மழைநீரும் பனி உருகும் நீரும் இறங்காமலிருக்க உச்சியில் தனியாக ஒரு வடிகால், கல் விழாமலிருக்கக் கம்பி வலை. எங்களுக்கு இந்த மூன்றும் வந்து சேர்ந்தன. வலைமேல் ஐஸ் பிடித்திருந்தாலும், ஏறுவதற்காக ஐஸில் குத்தும் கோடரி கம்பியில் மாட்டிக்கொள்ளும், ஏறவா முடியும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இடமே சாலையால் வந்ததுதான். பழைய சாலைக்காக மலையை வெட்டியவர்கள் வடிகால் வைக்காமல் விட்டதால்தான் எங்களுக்கு ஐஸ் கிடைத்தது. அதனால் முழு மனதோடு கோபப்படக்கூட முடியவில்லை. கடுங்குளிரில் கோடரி பட்டுத் தட்டுத் தட்டாகப் பெயர்ந்த ஐஸ் சாலையோரம் வரை உருண்டு போனதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கமும் தப்பில்லாமல் இல்லை.

பெரிய இடமும் இல்லை அது. உயரம் இருபது மீட்டர் இருக்கும், ஐஸ் ஏற்றம் எவ்வளவு கடினம் என்று சொல்லும் அளவில் டபிள்யூ.ஐ. 3, அதாவது நடுத்தரம். வெளியூரிலிருந்து யாரும் தேடி வரமாட்டார்கள். ஆனால் வேலை முடிந்து தலைவிளக்கு மாட்டிக்கொண்டு போய் இரண்டு மணிநேரம் ஏறிவிட்டு வரலாம். கயிற்றை மாட்டுவதற்காக ஐஸுக்குள் திருகும் ஐஸ் ஸ்குரூவை ஒற்றைக் கையால் திருகப் பழகியது அங்கேதான். ஐஸில் சாய்வாக இரண்டு துளை போட்டு, உள்ளே சந்திக்க வைத்து, கயிறு கோத்து இறங்கும் அபலகோவ் பிடிமானத்தைத் தரையில் நின்றபடியே எத்தனையோ முறை போட்டுப் பார்த்ததும் அங்கேதான். இப்போது ஏற வேண்டுமானால் மூன்று மணிநேரம் வண்டி ஓட்ட வேண்டும். பழைய ஆட்கள் நாங்கள் போய்விடுகிறோம். புதிதாகப் பழக வருகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

சரி, உங்கள் பாறைக்கு வருவோம். பனி உருகும் காலத்திலோ நல்ல மழைக்கு இரண்டு நாள் கழித்தோ போய்ப் பாருங்கள். முகத்தில் கருப்பாக ஈரக்கோடுகள் தெரிகின்றனவா? குழாய் வாய்கள் எங்கே இருக்கின்றன, எல்லாவற்றிலும் நீர் வருகிறதா? வலை முழுதும் மூடியிருக்கிறதா? புதிதாக வெட்டும்போது இதுவரை மூடிக்கிடந்த விரிசல் திறந்து வேறு பக்கம் கசிவதும் உண்டு. அப்படி இருந்தாலும் சாலைக்கும் பாறைக்கும் நடுவே ஐஸ் விழ இடம் இருந்தால் மட்டும் ஏறுங்கள்.

தண்ணீரை நாமே கொண்டுவரலாமே என்று யாராவது கேட்பார்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் யூரே (Ouray) ஐஸ் பார்க்கில் பள்ளத்தாக்கின் விளிம்பில் குழாய் போட்டுத் தண்ணீர் தெளித்துத்தான் ஐஸ் வளர்க்கிறார்கள். ஆனால் அது பள்ளத்தாக்கு. போக்குவரத்துச் சாலைக்கு மேலே குழாய் வைக்க எந்தச் சாலைத் துறையும் சம்மதிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாலையிலிருந்து விலகிய, வெயில் படாத சரிவு ஏதாவது இருந்தால் அங்கே நில உரிமையாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். நாங்கள் இப்போது அப்படி ஒரு சரிவைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.