ஹீலியோஸில் பின்னணி சுழலவில்லை என்றவருக்கு

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் தங்கச்சியை நிற்க வைத்து எடுத்த படத்தில் பின்னணி வெறும் நீலமாய் மங்கிப்போனது, முகத்தைச் சுற்றி மங்கல் வளையமாய்ச் சுற்றுவதுபோல் தெரியும் அந்தச் சுழலே வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்கட ஹீலியோஸ் 44-2 என்ற பழைய சோவியத் லென்ஸில் பிழை இல்லை. கடலும் வானமும் ஒரே நிறம். அங்கே சுழல என்ன இருக்கு? அந்த லென்ஸுக்கு இலைகளும் இடையில் சொட்டும் வெயிலும் வேணும்.

பின்னேரம் பிரெட்றிக் கோட்டைக்குள்ளே போங்கோ. கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மரநிழலில் மான்கள் நிற்கும். ஒன்றரை மீற்றரில் ஆளை நிறுத்தி, மரங்கள் ஏழெட்டு மீற்றர் பின்னால் இருக்கட்டும். நடுவில் வெளிச்சப் பொட்டுகள் வட்டமாய் இருக்கும். ஓரத்தில் லென்ஸின் குழல் ஒளியை வெட்டுவதால் பூனைக்கண் போல ஒடுங்கி, முகத்தைச் சுற்றி வளையம் கட்டும். எனக்கு அந்த வடிவுக்கு இன்றைய லென்ஸ் எதுவும் ஈடில்லை.

இன்னொன்று: அதில் இரண்டு வளையங்கள். ஒன்றில் எஃப் எண்ணை, அதாவது ஒளி நுழையும் துவாரத்தின் அளவைக் குறிப்பது, மற்றதைத் திருப்பினால்தான் துவாரம் திறந்து மூடும். உள்ளே பாருங்கோ, எட்டு இதழ்களும் முழுதாய் ஒதுங்கியிருக்க வேணும். துவாரத்தைக் கொஞ்சம் மூடி எஃப் 4க்குப் போனாலே சுழல் அடங்கிவிடும்.

உங்கட கமரா ஏபிஎஸ்-சி, அதாவது சின்ன சென்சார் உள்ளது என்றபடியால், சுழல் தெரியும் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும். பெரிய சென்சார் உள்ள முழுச் சட்டகக் (ஃபுல் ஃபிரேம்) கமரா யாரிடமும் இரவல் கிடைத்தால் ஒருக்கா மாட்டிப் பாருங்கோ.