அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். புரோட்டான் கதிர்வீச்சு எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? சாதாரண கதிர்வீச்சை விட நல்லதா?

நான் எடுத்தவன். முடிந்து சில வருடங்கள் ஆகின்றன, நன்றாக இருக்கிறேன். இப்படிக் கேட்கிறவர்களுக்கு முதலில் வேண்டியது அந்த ஒரு வரிதான் என்பதால் அதை முதலில் சொல்லிவிட்டேன்.

உங்கள் கேள்வியின் கீழே எழுதியிருந்ததையும் படித்தேன். அப்பாவுக்கு 67 வயது, க்ளீசன் 7 (திசுச் சோதனையில் புற்றின் வேகத்தைக் காட்டும் எண்), வேறு எங்கும் பரவவில்லை. நீங்களும் அண்ணனும் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படிக்கிறீர்கள். அண்ணன் புரோட்டான்தான் என்கிறார், டாக்டர் எது எடுத்தாலும் சரி என்கிறார். எல்லாம் இருக்கிறது, அப்பா என்ன சொல்கிறார் என்பது மட்டும் எங்குமே இல்லை. நான் பதில் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. மகனும் மருமகளும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் ரிப்போர்ட்டை மகன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அவனிடமே பேசினார். "அப்பாவுக்கு ஷுகர் இருக்கா? அப்பாவால தினமும் வந்துட்டுப் போக முடியுமா?" நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன், எனக்குக் காதும் கேட்கும், பதில் சொல்லவும் தெரியும். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, ஆண் ஹார்மோனை அடக்கும் ஹார்மோன் ஊசி என்று அரை மணி நேரம் பேச்சு ஓடியது. சிறுநீர்ப் பிரச்சினை வந்தது, மலக்குடல் வந்தது. தாம்பத்தியம் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

நானே கேட்டேன். "டாக்டர், ஆண்மை விஷயம் என்ன ஆகும்?" மகன் குனிந்து ஃபோனைப் பார்த்தான். மருமகள் எழுந்து வெளியே போனாள். என் மனைவி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கும் அது தெரிய வேண்டிய விஷயம்தானே. அப்போதுதான் டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அதற்கப்புறம் அவர் பேசிய பத்து நிமிடம்தான் எனக்கு உபயோகமான பத்து நிமிடம். அறுவை சிகிச்சையில் பாதிப்பு உடனே தெரியும், சிலருக்கு மெல்லத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. கதிர்வீச்சில் உடனே ஒன்றும் தெரியாது, வருடங்கள் போகப்போகக் குறையும். விறைப்புக்கான நரம்புகள் புரோஸ்டேட் சுரப்பியை ஒட்டியே ஓடுகின்றன, ஆகவே புரோட்டான் என்றாலும் அவற்றை முழுசாக விட்டுவிட்டு அடிக்க முடியாது. ஹார்மோன் ஊசி சேர்ந்தால் அது நடக்கிற காலத்தில் ஆசையே போய்விடும், உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும். இதையெல்லாம் மறைக்காமல் சொன்னார். கேட்டதால் சொன்னார்.

"இந்த வயசுல இது ஒரு கவலையா" என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து வேண்டாம். எனக்கும் என் மனைவிக்கும் அது கவலைதான். என் பிள்ளைகளையும் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் அலைந்த அலைச்சலுக்கு நான் நன்றி சொல்லி மாளாது. ஆனால் பக்க விளைவோடு வாழப்போவது யார் உடம்பு என்று பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவை டாக்டருடன் தனியாக ஒரு கால் மணி நேரம் விடுங்கள். மகள் முன்னால் கேட்க முடியாத கேள்விகள் அவரிடம் நிச்சயம் இருக்கும்.

சரி, புரோட்டானுக்கு வருகிறேன்.

இதன் அடிப்படை எளிமையானது. சாதாரண கதிர்வீச்சு எக்ஸ்-கதிர், உடம்பின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும், வழியில் இருப்பதற்கெல்லாம் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போகும். புரோட்டான் ஒரு குறிப்பிட்ட ஆழம் போனதும் தன் சக்தியில் பெரும்பங்கை அங்கே கொட்டிவிட்டு நின்றுவிடும். அந்த இடத்தைத் தாண்டிக் கதிர் அநேகமாகப் போகாது. இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ராபர்ட் வில்சன் என்ற இயற்பியலாளர் 1946லேயே எழுதிவிட்டார். ஆய்வுக்கூடங்களில் 1954 முதல் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். மருத்துவமனைக்குள்ளேயே இதற்கென்று கருவி அமைத்தது 1990ல், கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில். குழந்தைகளுக்கு வரும் மூளைக் கட்டி, கண்ணுக்குள் வரும் புற்று, மண்டையோட்டின் அடிப்பகுதி போன்ற இடங்களில் இதன் பலன் பெரியது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

புரோஸ்டேட்டில் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. அந்தச் சுரப்பி ஒரே இடத்தில் நிற்பதில்லை. மேலே மூத்திரப்பை நிரம்பினாலும் பின்னால் மலக்குடலில் வாயு சேர்ந்தாலும் சில மில்லிமீட்டர் நகரும். நின்றுவிடும் கதிருக்கு அந்தச் சில மில்லிமீட்டர் பெரிய விஷயம். அதனால் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் திட்டம் போடுகிறார்கள், அந்தக் கொஞ்ச இடத்தில் மலக்குடலின் முன்சுவரும் வந்துவிடுகிறது. இதற்குள் சாதாரண கதிர்வீச்சும் சும்மா இருக்கவில்லை. ஐஎம்ஆர்டி என்ற முறையில் பல கோணங்களிலிருந்து வடிவம் மாற்றி மாற்றிக் கொடுத்து அதுவும் நன்றாகவே தேறிவிட்டது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பார்டிக்வால் என்ற ஆய்வின் முடிவு 2024ல் வந்தது. குறைந்த அல்லது நடுத்தர அபாயம் உள்ள 450 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து மலக்குடல் தொந்தரவில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. நோய் கட்டுப்பட்டதிலும் வித்தியாசம் இல்லை.

புரோட்டான் எடுத்துக்கொண்டு நீயே இப்படிச் சொல்லலாமா என்று கேட்பார்கள், ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். எனக்கு அது கிடைத்தது, டாக்டர் குழு மேல் நம்பிக்கை இருந்தது, உடம்பில் தேவையில்லாத இடத்துக்குப் போகும் மொத்தக் கதிர் குறைவு என்பது எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்குத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதையே எடுப்பேன். ஆனால் உங்கள் அண்ணன் நினைப்பதுபோல், சாதாரண கதிர்வீச்சு எடுத்தால் அப்பாவுக்கு ஏதோ துரோகம் செய்ததாக ஆகிவிடாது. அதற்காகச் சொத்தை விற்கவோ தூர தேசம் போய்த் தங்கவோ வேண்டிய நிலை என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. நான் டாக்டர் இல்லை, நோயாளியாக இருந்து படித்ததைச் சொல்கிறேன்.

இப்போது தினசரி எப்படி இருந்தது என்பது. ஆரம்பிப்பதற்கு முன் சுரப்பிக்குள் அரிசி மணியைவிடச் சின்னதாகத் தங்கத் துண்டுகளை ஊசியால் வைத்தார்கள். தினமும் எக்ஸ்-ரே எடுத்து அவற்றைப் பார்த்துத்தான் இடத்தைச் சரிசெய்வார்கள். சுரப்பிக்கும் மலக்குடலுக்கும் நடுவில் ஒரு ஜெல்லும் ஏற்றினார்கள். அது இரண்டையும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தள்ளிவைக்கிறது, சில மாதங்களில் தானாகக் கரைந்துவிடுகிறது. சில இடங்களில் ஜெல்லுக்குப் பதில் தினமும் மலக்குடலில் பலூன் வைப்பார்களாம். அப்பாவுக்கு எது என்று கேட்டுவையுங்கள், முன்னாலேயே தெரிந்தால் சங்கடம் குறையும்.

கதிர் இடுப்பின் பக்கவாட்டிலிருந்து வரும். அது பாய்வது ஓரிரு நிமிடம்தான், வலியோ சூடோ ஒன்றும் தெரியாது. படுக்கவைத்து நிலையைச் சரிசெய்வதற்குத்தான் நேரம் பிடிக்கும். போகப்போக இடுப்பின் பக்கங்களில் தோல் கொஞ்சம் கறுத்தது, அப்புறம் மாறிவிட்டது.

கஷ்டம் எதில் என்றால் மூத்திரப்பையில். அது நிரம்பியிருக்க வேண்டும், மலக்குடல் காலியாக இருக்க வேண்டும். சொன்ன நேரத்தில் சொன்ன அளவு தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் போன இடத்தில் ஒரே கருவியிலிருந்துதான் பல அறைகளுக்கும் கதிர் போகும். ஓர் அறையில் குழந்தைக்கு மயக்கம் கொடுத்துச் செய்ய நேரமானால் அடுத்த அறையில் இருப்பவர் காத்திருக்க வேண்டியதுதான். அதில் எனக்கு வருத்தமே இல்லை, குழந்தை முதலில் போகட்டும். ஆனால் முட்டிக்கொண்டு நிற்கும் ஆண்களை வரிசையாக உட்காரவைத்துவிட்டு, எவ்வளவு தாமதம் என்று வந்து சொல்லக்கூட ஆள் இல்லாமல் ஒரு மருத்துவமனை எப்படி நடத்தலாம்? கொஞ்சம் முன்னால் தெரிந்தால் பாதி விட்டுவிட்டு மறுபடி குடித்திருப்போம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒருநாள் அடக்க முடியாமல் உடையிலேயே போய்விட்டார். அவர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. கோடிக்கணக்கில் கருவிக்குச் செலவழிக்கிறவர்கள் அந்தக் கூடத்தை ஒட்டி ஒரு கழிப்பறை கட்டியிருக்கக் கூடாதா? இருந்த கழிப்பறை நீளமான தாழ்வாரத்தின் கடைசியில். நான் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. ஆண்களுக்கு வரும் இந்த நோய்களை எல்லோரும் சிரிப்புக்குரிய விஷயமாகவே வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவர் "கேன்சர்லயே இது நல்ல கேன்சர்" என்று என்னிடமே சொன்னார். மெதுவாக வளர்வது உண்மைதான். பிரிட்டனில் 1643 ஆண்களைப் பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், கண்காணிப்பு மட்டும், அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என எதில் இருந்தாலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். அதைச் சொல்லி ஆறுதல் கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். நல்ல கேன்சர் என்று சொல்லாதீர்கள். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறோம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

அந்த எழுந்திருப்பதுதான் எனக்கு வந்த முக்கியமான பக்க விளைவு. பாதி சிகிச்சையிலிருந்து அடிக்கடி போகத் தோன்றியது, எரிச்சல் இருந்தது, வந்தால் அடக்க முடியவில்லை. டாம்சுலோசின் என்ற மாத்திரை கொடுத்தார்கள், நன்றாகக் கேட்டது. முடிந்த பிறகும் சில வாரம் இருந்து மெல்ல அடங்கியது. அலுப்பு இருந்தது, ஆனால் தினமும் நடப்பதை நான் விடவில்லை. சிலருக்கு ஒரு வருடம் கழித்து மலத்தில் லேசாக ரத்தம் வரலாம் என்றார்கள், எனக்கு வரவில்லை. உங்கள் அப்பாவுக்கு வந்தால் வேறு ஒரு டாக்டரிடம் போய் அங்கே திசு எடுக்க விட்டுவிடாதீர்கள். கதிர் பட்ட இடம் ஆறச் சிரமப்படும். கதிர்வீச்சு கொடுத்த டாக்டரிடம் முதலில் கேளுங்கள்.

புரோட்டானா இல்லையா என்பதைவிட முக்கியமாக டாக்டரிடம் கேட்க வேண்டியவை என் கணக்கில் வேறு. எத்தனை நாள்? முன்பு எட்டு ஒன்பது வாரம் கொடுத்ததை இப்போது பலருக்கு நாலிலிருந்து ஐந்தரை வாரத்தில் முடிக்கிறார்கள், சிலருக்கு ஐந்தே தடவை. க்ளீசன் 7 என்றால் அது 3+4 ஆ, 4+3 ஆ? இரண்டும் ஏழுதான், ஆனால் இரண்டாவது கொஞ்சம் வேகமானது, ஹார்மோன் ஊசி வேண்டுமா என்பது இதையும் வைத்துத்தான். ஊசி உண்டென்றால் எத்தனை மாதம்? அந்த ஊசி அப்பாவின் அன்றாடத்தை மாற்றப்போகும் அளவுக்குப் புரோட்டானும் எக்ஸ்-கதிரும் மாற்றப்போவதில்லை.

கடைசியாக பிஎஸ்ஏ, அதாவது புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவை ரத்தத்தில் பார்க்கும் சோதனை. கதிர்வீச்சுக்கு அப்புறம் அது உடனே பூஜ்யத்துக்குப் போகாது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் எண்ணோடு ஒப்பிட்டு வீட்டில் யாரும் பயப்பட வேண்டாம். சுரப்பி உள்ளேயேதான் இருக்கிறது, எண் ஒன்றிரண்டு வருடம் எடுத்து மெல்ல இறங்கும். நடுவில் ஒருமுறை ஏறி, தானாகவே திரும்ப இறங்குவதும் உண்டு. எனக்கு அப்படி ஏறியபோது வீடே கலங்கிப்போனது. மிகக் குறைந்த அளவிலிருந்து 2 கூடினால்தான் நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை, அடுத்த சோதனையிலேயே இறங்கிவிட்டது.

அப்பாவின் பிஎஸ்ஏ எண்ணையும் 3+4 ஆ 4+3 ஆ என்பதையும் கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முடிந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள்.