ஒரு குழு தனக்கென பைபிள் அச்சிட்டால் செலவை யார் ஏற்பது?

“எங்கள் குழுவுக்காக 1,000 பைபிள் அச்சிடப் போகிறோம். விலை வைப்பதா, காணிக்கை வாங்கி இலவசமாகக் கொடுப்பதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரே தொகையாகக் கொடுக்கும் மொழிபெயர்ப்பு உரிமை, பக்க அமைப்பு, மெய்ப்பு (பிழை பார்த்துத் திருத்துவது), அச்சடிக்கும் பிளேட் இந்தச் செலவெல்லாம் ஒரு பிரதி அடித்தாலும் ஒரு லட்சம் அடித்தாலும் ஒன்றுதான். தாள், மை, தையல், அட்டை பிரதிக்குப் பிரதி ஏறும். 1,000 பிரதிக்கு முதல் வகையே பெரிய சுமை. பழைய மொழிபெயர்ப்புதானே என்று உரிமை விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். அதைத் திருத்தி வெளியிட்டவர்களுக்குத் தனி உரிமை இருக்கலாம்.

சாதாரணப் புத்தகத் தாள் 60, 70 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். பைபிளில் உள்ள அறுபத்தாறு ஆகமங்களையும் (தனித்தனி நூல்களையும்) அதில் அடித்தால் கையில் தூக்க முடியாது. அதனால்தான் 28 முதல் 40 வரையுள்ள மெல்லிய தாள். விலையும் கூடுதல், மெஷினில் ஒன்றோடொன்று ஒட்டி வீணாவதும் கூடுதல். இதை ஈடுகட்ட ஒரு குழு தையல் வேண்டாம், பசை போதும் என்றது. நாங்களும் ஒட்டிக் கொடுத்தோம். ஆறே மாதத்தில் ஒரு பாட்டி தன் பிரதியை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வந்தார். சங்கீதம் என்னும் துதிப்பாடல்கள் இருந்த பகுதி அப்படியே கழன்றிருந்தது. தினமும் அவர் திறந்த இடம் அது. எனக்கு இன்றைக்கும் அது உறுத்துகிறது.

பணத்துக்கு ஜெர்மனியில் ஹாலே நகரத்து வழியைத்தான் சொல்வேன். 1710-இல் கான்ஸ்டைன் பிரபு அங்கே தொடங்கிய பைபிள் அச்சகம், பக்கம் பக்கமாகக் கோத்த ஈய அச்செழுத்துகளைக் கலைக்காமல் அப்படியே வைத்திருந்து, தீரத் தீர மறுபடி அடித்தது. அவ்வளவு ஈயத்துக்கான பெருஞ்செலவை நன்கொடை தாங்கியது. 1712-இல் புதிய ஏற்பாட்டை 2 குரோஷனுக்கே (அந்தக் கால ஜெர்மன் சில்லறைக் காசு) கொடுக்க முடிந்தது.

நீங்களும் மாறாத செலவுக்குக் காணிக்கை கேளுங்கள். “நூறு பைபிளுக்கு என் பணம்” என்று மனமுவந்து கொடுப்பவர்கள் மெய்ப்புக்கு என்றால் தயங்குவார்கள். விளக்கிச் சொல்லித்தான் ஆகவேண்டும். தாளுக்கும் தையலுக்கும் ஆகும் தொகையை மட்டும் விலையாக வையுங்கள். முடியாதவர்களுக்கு இலவசமாகவே கொடுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன், அதே தாளில் தைத்த மாதிரிப் பிரதி ஒன்று கேளுங்கள். 119-ஆம் சங்கீதத்தைத் திறந்து மேசைமேல் வையுங்கள். கையை எடுத்த பிறகும் விரிந்தே கிடக்க வேண்டும்.