இஸ்லாமியப் பார்வையில் வணிகத்தின் சமூகப் பொறுப்பு என்றால் என்ன?

செல்வம் இறைவன் நம்பி ஒப்படைத்த பொருள் (அமானிதம்), முதலாளி அதைக் காப்பவர் மட்டுமே. லாபத்தில் ஏழைக்கு உள்ள பங்கு தயவல்ல, உரிமை. செட்டிநாட்டு வணிகர்கள் கோயிலுக்கும் தருமத்துக்கும் 'மகமை' என்று பேரேட்டில் தனியே கணக்கு எழுதி எடுத்துவைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதுபோல.

பொறுப்பு கொடையில் தொடங்குவதில்லை. சரியான எடை, வியர்வை உலருமுன் கூலி, இவைதான் முதலில். பிறகு ஜகாத், அதாவது செல்வத்திலிருந்து ஆண்டுதோறும் கட்டாயமாகத் தரவேண்டிய பங்கு.

காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடை என்று வையுங்கள். ஹிஜ்ரி (இஸ்லாமியச் சந்திர) ஆண்டில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்றைய நிலவரத்தை எழுத வேண்டும்: சரக்கு 30 லட்சம், ரொக்கம் 6, வரவேண்டிய பாக்கி 4, கொடுக்கவேண்டிய கடன் 10. மிச்சம் 30 லட்சம். அது 85 கிராம் தங்கத்தின் மதிப்பைத் தாண்டினால் 2.5%, அதாவது 75,000 ரூபாய். கட்டடம், அலமாரி, வண்டி சேராது. பலர் சறுக்குவது சரக்கில்தான்: வாங்கிய விலையைப் போடுகிறார்கள், அன்றைய சந்தை விலையைப் போட வேண்டும்.

பணியாளருக்குத் தரும் தீபாவளி போனஸையோ, கம்பெனிச் சட்டம் 2013 பெரிய நிறுவனங்களிடம் சமூகப் பொறுப்புக்காகக் கேட்கும் 2% செலவையோ ஜகாத்தாகக் கழித்துக்கொள்ளலாம் என்பது தவறு; போனஸ் உழைப்புக்கான ஊதியம், ஜகாத்துக்கோ குர்ஆன் (9:60) எட்டு வகைப் பயனாளிகளை வரையறுத்திருக்கிறது.