பற்றிக்கொண்ட பர்னர் ஐந்தே நொடியில் அணைந்தால்

முதலில் ஃப்ளேம் சென்சாரை, அதாவது தீ எரிகிறதா என்று உணரும் கம்பியை, துடைத்துப் பாருங்கள். வீட்டைச் சூடாக்கும் உங்கள் கேஸ் ஃபர்னஸில் பர்னர்கள் ஒழுங்காகப் பற்றி, நான்கைந்து நொடியில் அணைந்து, மூன்று முறை முயன்று அடங்கிவிடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் கேஸ் வருகிறது, தீ மூட்டும் இக்னைட்டரும் நன்றாக இருக்கிறது. தீ எரிவது ஃபர்னஸை இயக்கும் கண்ட்ரோல் போர்டுக்குத்தான் தெரியவில்லை.

சென்சார் என்பது பீங்கான் பிடியிலிருந்து நீளும் மெல்லிய உலோகக் கம்பி. பெரும்பாலும் இக்னைட்டருக்கு எதிர்க்கோடி பர்னரில், தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தீ வழியாக அதில் பாய்வது சில மைக்ரோ ஆம்பியர் மின்சாரம்தான். கம்பியில் லேசான படலம் படிந்தாலே அது குறைந்துவிடும்; போர்டு உடனே கேஸை மூடிவிடும். பழுது மாதிரித் தெரிந்தாலும் அது உங்களைக் காப்பாற்றும் வேலை. அதனால் சென்சாரைத் தவிர்த்து ஒயரை மாற்றிக் கொடுத்து ஓட்டவே ஓட்டாதீர்கள்.

1. கரண்டை அணைத்து, கேஸ் வால்வையும் மூடுங்கள்.
2. திருகைக் கழற்றிச் சென்சாரை உருவி, நைஸான ஸ்டீல் வுல்லால் கம்பி பளிச்சென்று ஆகும்வரை மென்மையாகத் தேயுங்கள். முரட்டு உப்புத்தாள் கீறிவிடும்.
3. பீங்கானில் விரிசல் தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, புதிதுதான் போட வேண்டும்.

அப்புறமும் அணைந்தால் எர்த் ஒயர் தளர்ந்திருக்கிறதா பாருங்கள்.

சில நிமிடம் எரிந்துவிட்டு அணைந்தால் கதை வேறு. அடைத்துப்போன காற்று ஃபில்டரால் ஃபர்னஸ் அதிகமாகச் சூடாகிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைக்கூடத் தொடாமல் எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து கேஸ் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.